பிளாக்செயின் ஓட்டு ஆப்: சங்கத் தேர்தல்ல யூஸ் பண்ணிப் பார்த்த ரிவ்யூ

எங்க சங்கத்து நிர்வாகிகள் தேர்தலை இந்தத் தடவை ஒரு பிளாக்செயின் ஓட்டு ஆப்லதான் நடத்தினாங்க. பிளாக்செயின்னா பல கம்ப்யூட்டர்ல நகல் வச்சுக்கிட்டு, எழுதினதைப் பின்னாடி திருத்த முடியாத மாதிரி கட்டின ஒரு பதிவேடு, சுருக்கமா செயின். கம்பெனி பேரு போடல, ஏன்னா நான் சொல்லப்போற குறை அந்த ஒரு கம்பெனியோடது மட்டும் இல்ல, இந்த ரகத்துல வர்ற மத்த ஆப்பையும் இதையே வச்சுதான் பார்க்கணும். வாங்கலாமா வேணாமான்னு யோசிக்கிற சங்கத்துக்காரங்க முழுசா படிச்சிட்டு முடிவு பண்ணுங்க.

முதல்ல நல்லதைச் சொல்லிடுறேன். ஆப் வேகமா இருக்கு, எங்கயும் தொங்கல. ஓடிபி, ஐடி கார்டு, ஒரு செல்ஃபி, அவ்ளோதான், உள்ள போயிடலாம். வெளிநாட்டுல இருக்கிற மெம்பர்ஸ், படுக்கையில இருக்கிற வயசானவங்கன்னு வழக்கமா வர முடியாதவங்க எல்லாம் ஓட்டு போட்டாங்க, அது உண்மையிலேயே பெரிய விஷயம், அதை நான் குறைச்சு சொல்ல மாட்டேன். ரிசல்ட்டும் டைம் முடிஞ்ச உடனே வந்துடுச்சு.

இப்ப ரசீது மேட்டருக்கு வர்றேன், என்னோட மொத்தப் பிரச்சனையும் இங்கதான் இருக்கு. ஓட்டு போட்டதும் 64 எழுத்துல ஒரு ஹேஷ், அதாவது ரசீது மாதிரி ஒரு கோடு வருது, அதை அவங்க வெப்சைட்ல போட்டுத் தேடினா "உங்கள் வாக்கு பதிவாகியுள்ளது"ன்னு பச்சை டிக் காட்டுது, பிளாக் நம்பர், நேரம் எல்லாம் இருக்கு. பக்கத்துல இருந்த பெரியவர் ஒருத்தர் கண்ணாடியை ஏத்திவிட்டுட்டு ரொம்ப நேரம் அதையே பார்த்தாரு, அப்புறம் "தம்பி, இதுல நான் யாருக்குப் போட்டேன்னு எங்கப்பா இருக்கு?"ன்னு கேட்டாரு.

இல்லங்க, இருக்கவும் கூடாது. இருந்துச்சுன்னா ஓட்டுக்குக் காசு குடுத்தவன் "எங்க ரசீதைக் காட்டு"ன்னு வந்து நிப்பான். அதனால என்கிரிப்ட் பண்ணி, அதாவது சாவி இல்லாம படிக்க முடியாதபடி பூட்டி வச்சிருக்காங்க, சரி. ஆனா அப்ப அந்தப் பச்சை டிக் சொல்றது என்ன? ஏதோ ஒரு ஓட்டு என் பேர்ல செயின்ல ஏறியிருக்கு, அவ்ளோதான். நான் ஸ்க்ரீன்ல தொட்ட ஆளுக்குத்தான் ஏறுச்சா, நடுவுல போன்ல இருந்த வைரஸோ ஆப்போ சர்வரோ ஆளை மாத்தி அனுப்புச்சான்னு அந்த டிக்கை வச்சு சொல்லவே முடியாது. செயின்ல ஏறினதுக்கு அப்புறம் யாரும் கை வைக்க முடியாதுங்கறாங்க, இப்போதைக்கு ஒத்துக்கறேன், ஆனா ஏறுறதுக்கு முன்னாடியே மாறிப்போயிருந்தா அந்தத் தப்பும் சேர்ந்துதான் அழியாம நிக்கும்.

சரி, பிளாக்செயினாவது நிஜமா பரவலா இருக்கான்னு பார்த்தா, நோடு, அதாவது பதிவேட்டோட நகலை வச்சிருக்கிற கம்ப்யூட்டர், எல்லாமே அந்தக் கம்பெனியோட சர்வர்லயே ஓடுது. சப்போர்ட்ல கேட்டேன், "எங்க நெட்வொர்க் பாதுகாப்பானது சார்"னு ஒரே பதில். எல்லா நோடும் ஒருத்தர் கையில இருந்தா அவரே நினைச்சா முழுசா திருத்தி எழுதலாமே, அதுக்கு எதுக்குங்க பிளாக்செயின்.

இது சின்ன சங்கத்துல மட்டும் வர்ற சிக்கல்னு நினைச்சுடாதீங்க. அமெரிக்காவுல வெஸ்ட் வர்ஜீனியா மாநிலம் 2018 தேர்தல்ல வெளிநாட்டுல இருக்கிற ராணுவத்தினர் உள்பட கொஞ்சம் பேருக்கு வோட்ஸ்ங்கற ஆப்பைக் குடுத்துச்சு. 2020 பிப்ரவரியில எம்ஐடி பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் அந்த ஆப்பைப் பிரிச்சுப் பார்த்து, ஓட்டு ஆப்ல இருந்து கம்பெனி சர்வருக்குத்தான் போகுது, அந்த சர்வரை ஒருத்தன் பிடிச்சா ஓட்டைப் பார்க்கலாம், மாத்தலாம்னு சொன்னாங்க. கம்பெனி அது பழைய வெர்ஷன்னு மறுத்துச்சு, ஆனா அடுத்த மாசமே கம்பெனி தரப்புல வச்ச பாதுகாப்பு ஆடிட்லயும் முக்கியமான பாதுகாப்புக் குறைகள் உறுதியாச்சு. மாநிலம் அந்த வருஷமே வேற சிஸ்டத்துக்கு மாறிடுச்சு. மாஸ்கோவுல 2019 நகர சபைத் தேர்தலுக்காக எதீரியம்ங்கற பிளாக்செயின் மேல கட்டின சிஸ்டத்தை சோதனைக்கு வெளியிட்டப்போ, பியரிக் கோட்ரிங்கற பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் அதோட என்கிரிப்ஷனை சாதாரண கம்ப்யூட்டர்ல 20 நிமிஷம் மாதிரி நேரத்துல உடைச்சுக் காட்டினாரு, காரணம் என்கிரிப்ஷனுக்கு சாவியா இருந்த எண் ரொம்ப சின்னது. அப்புறம் பெருசாக்கினாங்க, அது வேற கதை. கவனிச்சுப் பாருங்க, ரெண்டு இடத்துலயும் குறை இருந்தது செயின்ல இல்ல, அதைச் சுத்தி இருந்த ஆப், சர்வர், சாவி இதுலதான்.

ஐரோப்பாவுல எஸ்டோனியா நாடு மட்டும் ஆன்லைன் ஓட்டு பண்ணுதேன்னு கேப்பீங்க. அவங்க 2005ல இருந்து இன்டர்நெட்ல ஓட்டு போடுறாங்க, ஆனா ஓட்டு பிளாக்செயின்ல போறதில்ல. யாராவது மிரட்டி போட வச்சா அப்புறமா திரும்பப் போட்டுக்கலாம், கடைசியா போட்டதுதான் கணக்கு, நேர்ல போய் பேப்பர்ல போட்டா ஆன்லைன் ஓட்டு ரத்து. எங்க ஆப்ல அந்த வசதியே இல்ல, ஒரு தடவை அழுத்திட்டா முடிஞ்சுது, பக்கத்துல யாரு நின்னு அழுத்த வச்சிருந்தாலும் சரி. ஓட்டுச்சாவடியில ஒரு மறைப்பு எதுக்கு வச்சிருக்காங்கன்னு யோசிச்சா இது எவ்ளோ பெரிய குறைன்னு புரியும்.

பேங்க் ஆப்ல லட்சக்கணக்குல பணம் அனுப்பறோமே, ஓட்டு மட்டும் என்னன்னு எங்க குரூப்ல ஒருத்தர் கேட்டாரு. பேங்க்ல தப்பு நடந்தா ஸ்டேட்மென்ட்ல தெரியும், புகார் குடுத்து திருப்பி வாங்கலாம். ரகசிய ஓட்டுல யாரு யாருக்குப் போட்டாங்கன்னே தெரியக்கூடாதே, அப்புறம் எந்த ஓட்டைத் திருப்பறது? ஆர்எஸ்ஏங்கற என்கிரிப்ஷன் முறையை உருவாக்கின மூணு பேர்ல ஒருத்தரான ரொனால்ட் ரிவெஸ்ட்டே பிளாக்செயின் ஓட்டு வேண்டாம்னு 2020ல மத்தவங்களோட சேர்ந்து கட்டுரை எழுதியிருக்காரு, என்கிரிப்ஷன்லயே வாழ்ந்த மனுஷன் சொல்றாருன்னா காது குடுத்துக் கேக்கணும்.

ரேட்டிங் 5க்கு 2. அந்த ரெண்டும் வர முடியாதவங்களுக்கு வழி பண்ணினதுக்கு. விழா தேதி, சந்தா ஏத்தலாமா மாதிரி கை தூக்கி முடிவு பண்ற விஷயத்துக்குத் தாராளமா வச்சுக்கங்க. நிர்வாகிகள் தேர்தலுக்கு பேப்பர் ஓட்டுச்சீட்டுதான், திரும்ப எண்ணிப் பார்க்கலாம், தோத்தவரும் கூட நின்னு எண்ணலாம். பஞ்சாயத்துல இருந்து பார்லிமென்ட் வரைக்கும் உள்ள தேர்தலுக்கு இந்த ரக ஆப் வரவே கூடாதுங்கறதுதான் என் கருத்து.

வாங்கியே ஆகணும்னா பணம் கட்டுறதுக்கு முன்னாடி, நோடு யார் யார் கையில இருக்கு, வெளியாள் பண்ணின ஆடிட் ரிப்போர்ட்டை முழுசா காட்டுவீங்களா, போட்ட ஓட்டை மாத்திப் போட வழி இருக்கான்னு எழுத்துல கேளுங்க. எங்க செயலாளர்கிட்ட நானும் இதையேதான் எழுதிக் குடுத்திருக்கேன், அடுத்த பொதுக்குழுவுல வைக்கிறேன்னு சொல்லியிருக்காரு.