கறுப்பு வெல்வெட்டும் தெற்கு ஜன்னலும்: டர்பனில் நாலு வருஷம்

டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் எங்கள் வீட்டில் கறுப்புப் பின்னணி வைத்துப் பூக்களைப் படம் எடுக்க ஆரம்பித்து நாலு வருஷம் ஆகிறது. கேமரா, லென்ஸ் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது இரண்டு மீட்டர் துணியைப் பற்றி.

முதலில் வாங்கியது கறுப்பு சாட்டின். கிரே ஸ்ட்ரீட் என்று எல்லாரும் இன்னமும் சொல்லும் டாக்டர் யூசுஃப் தாதூ ஸ்ட்ரீட்டில், மலிவாகக் கிடைத்ததே என்று எடுத்து வந்தேன். படத்தில் சாம்பல் நிறத்தில் வரிவரியாகப் பளபளத்தது. அடுத்து வாங்கிய மினுமினுப்பு வெல்வெட்டும் அப்படித்தான். மூன்றாவதாக வாங்கிய பருத்தி வெல்வெட்தான் இன்றுவரை உழைக்கிறது. அதன் மேல் நெருக்கமாக நிற்கும் நூல்மயிருக்குள் புகுந்த வெளிச்சம் வெளியே வருவதே இல்லை. கையால் தடவிப் பாருங்கள்: ஒரு திசையில் வழுவழுவென்று போகும், எதிர்த்திசையில் சொரசொரக்கும். மேல்நோக்கித் தடவும்போது வழுவழுப்பாக இருக்கும்படி தொங்கவிட்டால் கறுப்பு இன்னும் ஆழமாகத் தெரியும். இது தெரியாமல் ஒரு வருஷம் தலைகீழாகத் தொங்கவிட்டிருந்தேன்.

துணி பாதி வேலையைத்தான் செய்யும். மீதி, அதன் மேல் வெளிச்சம் விழாமல் பார்த்துக்கொள்வதில் இருக்கிறது. பூவை ஜன்னலுக்கு அரை மீட்டர் பக்கத்தில் வைக்கிறேன். துணி பூவுக்குப் பின்னால் ஒன்றரை மீட்டர் தள்ளி. ஜன்னல் ஓரத்தில் ஒரு கறுப்பு அட்டையை நிறுத்தினால் துணிப்பக்கம் போகும் வெளிச்சம் மறைந்துவிடும். புத்தகங்களெல்லாம் வடக்கு ஜன்னல் என்கின்றன. அது பூமத்திய ரேகைக்கு வடக்கே இருப்பவர்களுக்கு. இங்கே உச்சிவெயில் வடக்கிலிருந்துதான் சாய்ந்து விழும். எனக்கு மென்மையான வெளிச்சம் தருவது தெற்கு ஜன்னல். டிசம்பரை ஒட்டிய கோடை மாதங்களில் மட்டும் விடிந்ததும், பொழுது சாயும்போதும் அங்கேயும் வெயில் கொஞ்சம் எட்டிப் பார்க்கும்.

கேமராவைத் தானியங்கியில் விடவே கூடாது. இவ்வளவு கறுப்பைப் பார்த்ததும் அது இருட்டென்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். துணி சாம்பலாகும், பூ வெளிறிப்போகும். ஐஎஸ்ஓ 100, அபர்ச்சர் எஃப் 8, ஷட்டர் ஏறக்குறைய ஒரு செகண்ட், கேமரா டிரைபாடில். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.

முன்பு அடித்த தென்னாப்பிரிக்க நாணயங்களில் 10 சென்டில் ஆரம் லில்லி, 20 சென்டில் கிங் புரோட்டியா, 50 சென்டில் ஸ்ட்ரெலிட்சியா (பறவைத் தலைபோல் இருக்கும் பூ) இருக்கும். மூன்றையும் இந்தத் துணியின் முன்னால் எடுத்திருக்கிறேன். ஆரம் லில்லியின் வெள்ளை சட்டென்று விவரமே தெரியாமல் வெளுத்துப்போகும், ஒரு ஸ்டாப் (அதாவது வெளிச்சத்தைப் பாதியாக) குறைத்தே எடுக்க வேண்டும். ஸ்ட்ரெலிட்சியாவின் ஆரஞ்சில் சிவப்பு மட்டும் தனியாக எல்லை தாண்டிவிடும். கேமரா காட்டும் வெளிச்ச வரைபடமான பொது ஹிஸ்டோகிராம் ஒழுங்காகத்தான் காட்டும், சிவப்பை மட்டும் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். எனக்குப் பிடித்தது புரோட்டியா. இதழ் என்று நாம் நினைப்பவை இதழ்களே அல்ல, பூவடிச் செதில்கள். அவற்றின் விளிம்பில் வெள்ளிப் பூனைமயிர் இருக்கிறது. வெளிச்சம் பக்கவாட்டில் வந்தால் ஒவ்வொரு மயிரும் கறுப்பின் மேல் கோடு கிழித்ததுபோல் நிற்கும். வெள்ளைச் சுவர் முன்னால் அது கண்ணுக்கே படாது.

18ஆம் நூற்றாண்டில் மேரி டிலேனி என்ற ஆங்கிலேயப் பெண்மணி 72 வயதுக்கு மேல் காகிதத்தை வெட்டி வெட்டிக் கறுப்புத் தாளில் ஒட்டி ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் பூக்களைச் செய்தார். பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. ஓரங்களைப் பார்க்க நான் அவற்றிடம்தான் திரும்பத் திரும்பப் போகிறேன்.

புரட்டாசி இங்கே வசந்த காலத்தில் வரும். வீடு முழுக்கச் செண்டுப்பூ. “பூவைக் கறுப்புத் துணிகிட்ட வைக்காதம்மா, சாமிக்கு ஆகாது” என்று அத்தை முதல் வருஷம் கடிந்துகொண்டார். “சாமிக்குத் தொடுத்தது போக மிச்சம்தான் அத்தை” என்றேன். இப்போது மாலை கட்டும்போதே காம்போடு ஒன்றை எடுத்து ஈரத்துணியில் சுற்றி வைக்கிறார். “இதுக்கு முகம் நல்லா இருக்கு, எடு” என்பார். அவர் பொறுக்கித் தரும் பூவில் நான் ஒருநாளும் ஏமாந்ததில்லை.

குறைகளும் உண்டு. தூசி, நூல், பூனைமுடி எல்லாம் வந்து ஒட்டும். ஒட்டுநாடாவால் ஒற்றி எடுக்க வேண்டும். லில்லி மகரந்தத்தைத் தேய்த்தால் கறை இறங்கிவிடும். முகப்பில் இஸ்திரி போட்டால் மயிர் படிந்து பளபளப்பு வந்துவிடும், பின்பக்கமாக ஆவி காட்டினால் போதும். டர்பன் கோடையின் புழுக்கத்தில் மடித்து வைத்திருந்தபோது இரண்டாம் வருஷம் பூஞ்சை பிடித்தது. அதிலிருந்து அட்டைக் குழாயில் சுருட்டி, சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைக்கிறேன்.

கிளிப் மாட்டும் ஓரத்தில் மயிர் உதிர ஆரம்பித்திருக்கிறது. இதே துணியைத்தான் மறுபடி வாங்கப்போகிறேன். ஆனால் இந்த முறை மூன்று மீட்டர்: நீளக் காம்போடு ஸ்ட்ரெலிட்சியாவை நிறுத்தினால் மேலே சுவர் தெரிகிறது.