லிஃப்ட் கேட்டே பனிக்குப் போவதென்றால்: காஷ்மீரா, லடாக்கா, ஸ்பிதியா?

திருவாரூர்–மன்னார்குடி ரோட்டில் லிஃப்ட் கேட்க ஒரு திறமையும் வேண்டாம். கையைக் காட்டினால் எக்ஸெல்லில் பால் கேனோடு போகிறவர்கூட கேனை நகர்த்தி வைத்துவிட்டு "ஏறு தம்பி" என்பார். யாரும் நிறுத்தாவிட்டாலும் குடி முழுகிவிடாது, அடுத்த டீக்கடைவரை நடக்கலாம். இந்தத் தைரியத்தை மட்டும் நம்பி நான் இமயமலைக்குக் கிளம்பியது மார்கழியில். டெல்டாக்காரனுக்கு வேறு வழியில்லை, சம்பாவில் களையெல்லாம் எடுத்து முடிந்து தையில் அறுப்பு தொடங்குவதற்குள் கிடைக்கிற இடைவெளி அதுதான். அங்கே குளிர் உச்சத்தில் இருப்பதும் அப்போதுதான்.

எந்த இடம் அழகு என்று பார்த்து முடிவு செய்யாதீர்கள், பனியில் எல்லாமே அழகுதான். அந்த ரோட்டில் யார் வண்டி ஓட்டுகிறார்கள், ஒருத்தரும் நிறுத்தாவிட்டால் ராத்திரி எங்கே படுப்பீர்கள், இந்த இரண்டையும் மட்டும் பாருங்கள்.

காஷ்மீரில் வண்டிக்குப் பஞ்சமே இல்லை. ஜம்மு–ஸ்ரீநகர் ரோடு, நம்மூர் சேலம், கரூர் வழியாகக் கன்னியாகுமரி போகிற அதே 44ஆம் எண் நெடுஞ்சாலை. ராம்பன் பக்கம் ஒரு நாமக்கல் லாரியைப் பார்த்து நான் கத்திய கத்தில் டிரைவர் பயந்தே போய்விட்டார். உயரமும் ஸ்ரீநகரில் சுமார் 1,600 மீட்டர்தான், மூச்சு வாங்காது. ஆனால் மண் சரிந்தாலோ பனி கொட்டினாலோ ரோட்டை மூடிவிடுவார்கள், லாரிகள் வரிசை கட்டி நிற்கும், நீங்களும் அதில் ஒருத்தராக உட்கார்ந்திருப்பீர்கள். சோதனைச் சாவடிகள் அதிகம் என்பதால் முகம் தெரியாத ஆளை ஏற்றவும் தயங்குகிறார்கள். அப்புறம், 2025 ஜூனிலிருந்து ஜம்மு பக்கத்துக் கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு ரயிலே ஓடுகிறது. ரயில் இருக்கிற ஊருக்கு லிஃப்ட் கேட்டுப் போவதில் எனக்கு அவ்வளவாக சுவாரஸ்யம் இல்லை.

லடாக் பேச்சை சீக்கிரம் முடித்துவிடலாம். மணாலியிலிருந்து போனால் 9 கிலோமீட்டர் அடல் சுரங்கம் உங்களை லாஹௌல் பள்ளத்தாக்கில் கொண்டுபோய் விடும், அதற்கு மேல் பாராலாச்சா கணவாய் மூடியிருக்கும். ஸ்ரீநகர் பக்கத்திலிருந்து என்றால் சோஜி லா கணவாய், பனி விழுந்தால் எப்போது திறக்கும் என்று சொல்லவே முடியாது. அதைத் தாண்டினால் திராஸ், மைனஸ் 20 அங்கே சாதாரணம். ஆக விமானத்தில் லடாக்கின் பெரிய ஊரான லேவுக்குப் போய் இறங்கித்தான் கை காட்ட வேண்டும். கடல் மட்டத்திலிருந்து ஒரே தாவலில் 3,500 மீட்டர், முதல் இரண்டு நாள் தலைவலியோடு படுக்கைதான். நம்மூர் ப்ரீபெய்டு சிம்மும் அங்கே எடுக்காது, போஸ்ட்பெய்டு வேண்டும். குளிர்காலத்தில் வேண்டாம்.

நான் போனது ஸ்பிதி, இமாச்சலப் பிரதேசத்தில் இருக்கிற மலைப் பள்ளத்தாக்கு. சிம்லா, ராம்பூர், ரெக்காங் பியோ, நாக்கோ, தாபோ, ஸ்பிதியின் பெரிய ஊரான காஸா என்று சட்லெஜ், ஸ்பிதி நதிகளை ஒட்டியே ரோடு படிப்படியாக ஏறுவதால் உடம்பும் பழகிக்கொள்கிறது. மணாலிக்கு இறங்கும் குன்சும் கணவாய் மூடியிருக்கும் என்பதால் போன வழியே திரும்ப வேண்டும். பியோவைத் தாண்டினால் வண்டி அபூர்வம், ஆனால் வருகிற வண்டி நிற்கும். அந்தக் குளிரில் ஒரு ஆளை ரோட்டில் விட்டுவிட்டுப் போவது அங்கே பெரிய தப்பு. பனி விட்டுக்கொடுத்தால் அரசு பஸ்ஸும் உண்டு.

பூ என்ற ஊருக்கு வெளியே ஒன்றேகால் மணி நேரம் நின்றேன். பனியனும் காட்டன் சட்டையும் வியர்வையில் நனைந்து அதுவே ஐஸ் மாதிரி ஒட்டிக்கொண்டது (காட்டன் ஒன்றுகூட எடுத்துப் போகாதீர்கள்). கால் விரல் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. கடைசியில் கேஸ் சிலிண்டர் ஏற்றிய பிக்கப் ஒன்று நின்றது. என் பாட்டிலில் வாய்ப்பக்கம் உறைந்து தண்ணீர் வராததைப் பார்த்த டிரைவர், அதை வாங்கித் தலைகீழாகச் சொருகி வைத்தார். மேலே இருக்கிற தண்ணீர்தான் முதலில் உறையுமாம், கவிழ்த்து வைத்தால் மூடிப்பக்கம் உறையாது. மறுநாள் காலை அதே மனிதர் வண்டிக்கு அடியில் தீ மூட்டி டீசலை இளக்கிக்கொண்டிருந்தார். ஏறுவதற்கு முன்பே எவ்வளவு தரணும் என்று கேட்டுவிடுங்கள், சிலர் வாங்குவார்கள். இவர் வாங்கவில்லை.

ராத்திரி தங்க வீடுகள்தான். ஹோட்டல்கள் பெரும்பாலும் பூட்டியிருக்கும், குழாயில் தண்ணீர் உறைந்திருக்கும், நடு அறையில் தகர அடுப்பைச் சுற்றி வீடே படுத்திருக்கும். அந்த இடத்தில் உங்களுக்கும் ஒரு மூலை கொடுப்பார்கள். மூன்றில் ஒன்றைச் சொல் என்றால் நான் ஸ்பிதியைச் சொல்வதற்கு அந்த மூலைதான் காரணம். பத்து நாளாவது கையில் இல்லாதவர்கள் காஷ்மீருக்கே போகலாம்.

திரும்பி வந்து விடியற்காலையில் தஞ்சாவூரில் இறங்கினேன். மங்கி குல்லாவும் மப்ளருமாக வந்து நின்ற சித்தப்பா, "என்னா பனிடா இது, ரெண்டு நாளா வெளிய தலை காட்ட முடியல" என்றார்.

"ஆமா சித்தப்பா" என்றேன்.