மலையேறும் சிறிய டேர்போ காருக்கு 92ஆ, 95ஆ?

2019 முதல் நான் ஓட்டிவருவது ஹோண்டா சிவிக் 1.0 டேர்போ. 988 சீசீ கொள்ளளவும் மூன்று சிலிண்டர்களும், காற்றை அழுத்தி என்ஜினுக்குள் செலுத்தும் டேர்போவும், படிகளற்ற தானியங்கி சீவீடீ கியரும் கொண்ட கார். வெள்ளவத்தையிலிருந்து அலுவலகத்துக்கும், ஆண்டுக்கு நான்கைந்து முறை மலைநாட்டில் தலவாக்கலையில் இருக்கும் மனைவியின் வீட்டுக்கும் இதில்தான் போய்வருகிறோம். காலி வீதி நெரிசலில் மட்டும் ஓடியிருந்தால் இதை எழுத எனக்கு எந்தத் தேவையும் இருந்திருக்காது. 92 ஒக்டேன் பெற்றோல் அடித்தாலும் 95 அடித்தாலும் கொழும்பில் கார் ஒரே மாதிரித்தான் ஓடியது.

வேறுபாட்டை எனக்குக் காட்டியது 2022ஆம் ஆண்டு எரிபொருள் நெருக்கடி. கியூஆர் குறியீட்டைக் காட்டிப் பெறும் ஒதுக்கீட்டு முறையில் கிடைத்த பெற்றோலை மறுக்கும் நிலையில் அன்று யாரும் இருக்கவில்லை. கையேடு 95 என்று சொன்னாலும் பல மாதங்கள் 92தான் அடித்தேன். அந்த நாட்களில் ஒருமுறை மாமா, மாமி உட்பட ஐந்து பேரும் பொதிகளுமாக அவிசாவளை வழியாகப் புறப்பட்டோம். கித்துல்கலையைத் தாண்டி கினிகத்தேனை ஏற்றம் தொடங்கியதும், கொண்டை ஊசி வளைவில் வேகம் குறைந்து மீண்டும் அக்ஸிலரேட்டரை அழுத்திய ஒவ்வொரு தடவையும், தகரப் பேணிக்குள் சில்லறைக் காசைக் குலுக்கியது போன்ற ஒலி ஓரிரு நொடி கேட்டு அடங்கியது. அடங்கிய பின் இழுவையும் குறைந்தது. 95 உடன் அதே வளைவுகளில் அதற்கு முன்னும் பின்னும் அந்த ஒலியை நான் கேட்டதில்லை.

ஒக்டேன் என்பது பெற்றோலின் சக்தியைக் குறிக்கும் எண் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது, அழுத்தமும் வெப்பமும் ஏறும்போது பெற்றோல் தானாகவே வெடித்துவிடாமல் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதைக் காட்டும் அளவு. டேர்போ ஏற்கெனவே அழுத்திச் சூடேற்றிய காற்றைத்தான் சிலிண்டர் மேலும் அழுத்துகிறது. ஏற்றத்திலோ கார் மெதுவாகப் போவதால் அந்தச் சூட்டைத் தணிக்கும் இன்டர்கூலருக்குக் குளிர்ந்த காற்று போதிய அளவு கிடைப்பதில்லை, என்ஜினின் சுழற்சி குறைவாகவும் சுமை அதிகமாகவும் இருக்கிறது. பெற்றோல் அப்படித் தானாக வெடிக்கும் நாக்கிங் உண்டாவதற்கு இதைவிட வாய்ப்பான நிலை வேறில்லை. நாக் சென்சர் அதை உணர்ந்ததும், கட்டுப்பாட்டுக் கணினி தீப்பொறி விழும் நேரத்தைப் பின்தள்ளி என்ஜினைக் காப்பாற்றுகிறது. நாம் இழுவைக் குறைவாக உணர்வது அந்தப் பாதுகாப்பைத்தான். உயரம் கூடக் கூட இந்தச் சுமை தணிவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டேர்போ இல்லாத என்ஜின் அங்கே வலுவிழந்தாலும் நாக்கிங்கிலிருந்து ஓரளவு தப்பிக்கொள்கிறது. டேர்போவோ குறைந்த காற்றை ஈடுசெய்ய இன்னும் வேகமாகச் சுழன்று இன்னும் வெப்பத்தைச் சேர்க்கிறது.

அமெரிக்கக் கையேடுகளில் 87 என்று இருப்பதைக் காட்டி, 92 தாராளம் என்று வாதிடுவோரைச் சந்தித்திருக்கிறேன். அங்கே எண்ணைக் கணக்கிடும் முறை வேறு; அவர்களின் 87, நமது கணக்கில் 91, 92க்கு அருகே வரும். ஆகவே உங்கள் காரோடு வந்த கையேட்டையும் பெற்றோல் மூடியின் உட்புறத்தில் ஒட்டியுள்ள எண்ணையும் மட்டுமே நம்புங்கள். அங்கே 92 போதும் என்றிருந்தால், 95க்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்துக்குச் சமவெளியில் பெரிய பலன் எதுவும் இல்லை. எனக்குங்கூட 95ஆல் மிச்சமான எரிபொருள், விலை வேறுபாட்டை ஈடுசெய்யும் அளவுக்கு இருந்ததில்லை. நான் அதை வாங்குவது ஏற்றத்தில் கிடைக்கும் இழுவைக்காகவும் என்ஜினின் நலனுக்காகவுமே.

இன்னொன்றையும் அனுபவத்தில் கற்றேன். அரைத் தாங்கி 92 இருக்கும்போது மலையடிவாரத்தில் 95 நிரப்பினால், ஏறப்போவது ஏறத்தாழ 93.5 உடன்தான். அதனால் தாங்கி வற்றும்வரை ஓட்டிவிட்டு, புறப்படுவதற்கு முதல்நாள் கொழும்பிலேயே 95ஆல் முழுமையாக நிரப்பிவிடுகிறேன். ஏற்றத்தில் கியரை எஸ் (ஸ்போர்ட்) நிலைக்கு மாற்றி என்ஜினைச் சற்று உயர்ந்த சுழற்சியில் வைத்திருப்பது ஒக்டேனுக்கு நிகரான உதவி என்பேன். குறைந்த சுழற்சியில் அழுத்தி மிதிப்பதால் வரும், தீப்பொறி விழுமுன்பே எரிபொருள் பற்றிக்கொள்ளும் முன்னெரிவு என்ற வேறொரு கோளாறை ஒக்டேன் மட்டும் தடுக்காது. பெற்றோலை நேரே சிலிண்டருக்குள் தெளிக்கும் நேரடி உட்செலுத்தல் கொண்ட டேர்போ என்ஜின்களுக்கு அதற்கெனப் பரிசோதிக்கப்பட்ட ஏபிஐ (அமெரிக்கப் பெற்றோலிய நிறுவனம்) எஸ்பி தர என்ஜின் எண்ணெய் 2020இலிருந்து கிடைக்கிறது, நானும் அதையே ஊற்றுகிறேன்.

திரும்பும்போது ஹட்டனில் 95 கிடைக்காவிட்டால் நான் கவலைப்படுவதில்லை. இறக்கத்துக்கும் வீடு வந்து சேர்வதற்கும் தேவையான அளவு 92 மட்டும் அடித்துக்கொள்கிறேன்.