பாடம் வீட்டில், கணக்கு வகுப்பில்

இரண்டு கல்வியாண்டாக பிளஸ் ஒன் இயற்பியலில் பாதிப் பாடங்களைத் தலைகீழ் வகுப்பறை முறையில் நடத்துகிறேன்: விளக்கத்தைப் பிள்ளைகள் வீட்டில் வீடியோவிலோ புத்தகத்திலோ பார்த்துவிட்டு வருவார்கள், கணக்கை வகுப்பில் போடுவோம். மீதிப் பாதி பழையபடி சாக்பீசும் கரும்பலகையும்தான். கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைப் பக்கத்துப் பள்ளி. குளச்சல் கடற்கரையிலிருந்தும் குலசேகரம் ரப்பர் தோட்டப் பகுதியிலிருந்தும் பஸ் ஏறி வருகிற பிள்ளைகள். என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தலைகீழ் முறையைத்தான் நான் தேர்ந்துகொண்டேன்.

பழைய முறையின் பலம் எல்லோருக்கும் தெரியும். போன் வேண்டாம், கரண்ட் வேண்டாம், போர்ஷன் முடிந்துவிடும். ஆனால் 45 நிமிடப் பீரியடில் 35 நிமிடம் நான் பேசினால் ஒரு கணக்குக்கு மேல் போட முடியாது. மற்றவை வீட்டுப்பாடமாகிவிடும். கேட்பது எளிது, அதற்கு ஆசிரியர் பக்கத்தில் இருக்கிறார். கணக்குப் போடுவது கடினம், அப்போது பிள்ளை தனியாக இருக்கிறது. கையில் காசுள்ள வீடு டியூஷனுக்கு அனுப்பும். இல்லாத வீட்டுப் பிள்ளை காலையில் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதும்.

தலைகீழ் முறை இதை மாற்றிப் போடுகிறது. விளக்கம் வீட்டில், கணக்கு வகுப்பில். அமெரிக்காவின் கொலராடோவில் ஜோனதன் பெர்க்மன், ஆரோன் சாம்ஸ் என்ற இரண்டு வேதியியல் ஆசிரியர்கள் 2007-இல், வகுப்பைத் தவறவிட்ட மாணவர்களுக்காகப் பாடத்தைப் பதிவு செய்யத் தொடங்கினார்கள். பலரும் இதைத்தான் தொடக்கமாகச் சொல்வார்கள். எனக்கு அதிகம் கைகொடுத்தது அதற்கு முந்தைய ஒன்று. ஹார்வர்டில் இயற்பியல் நடத்திய எரிக் மசூர் 1991 முதல், மாணவர்களைப் புத்தகம் படித்துவிட்டு வரச் சொல்லி, வகுப்பில் ஒரு கேள்வி கேட்டு, பக்கத்தில் இருப்பவரோடு வாதாடச் சொன்னார். அதில் வீடியோவே கிடையாது. நம் ஊருக்கு இது முக்கியம்.

நியூட்டனின் மூன்றாம் விதிக்கு நான் கேட்டது இது: கரமடி, அதாவது கரையில் நின்று கயிற்றால் இழுக்கும் வலை, இழுக்கும்போது கரைக்கு வருகிறது. அப்படியானால் நாம் கயிற்றை இழுக்கும் விசை பெரிதா, கயிறு நம்மை இழுக்கும் விசை பெரிதா? பெரும்பாலான கைகள் முதல் பதிலுக்கு உயர்ந்தன. விடையைச் சொல்லாமல், பக்கத்துப் பிள்ளையோடு பேசச் சொன்னேன். கடற்கரைப் பையன் ஒருவன் எழுந்து, “காலு மணல்ல பதியல்லன்னா நாமதான் டீச்சர் கடலுக்குள்ள போவோம்” என்றான். அந்த ஒரு வரியில் எல்லாம் இருந்தது. இரண்டு விசையும் சமம்தான், ஆனால் அவை இரண்டு வெவ்வேறு பொருள்மேல் செயல்படுகின்றன. இழுப்பவரைக் கரையில் நிறுத்துவது மணலின் உராய்வு. மறுபடி கை தூக்கச் சொன்னபோது பெரும்பகுதி மாறியிருந்தது. முந்தைய ஆண்டு வரை இதே விதியைப் பலகையில் எழுதி, “விளங்கிச்சா?” என்று கேட்டு, “ஆமா டீச்சர்” என்ற பதிலோடு கடந்துபோயிருந்தேன்.

இனி, இந்த முறையை நிற்கவோ விழவோ வைக்கிற ஒரே விஷயம்: நான் அனுப்பும் பாட வீடியோவைப் பார்க்காமல் வருகிற பிள்ளையை என்ன செய்வது?

முதல் மாதம் பாதிப் பேர் பார்க்காமல்தான் வந்தார்கள். காரணங்கள் உண்மையானவை. வீட்டில் இருக்கும் ஒரே போன் அப்பாவோடு கடலுக்குப் போயிருக்கும். ரப்பர் பால் வெட்டுக்கு இருட்டோடு எழுகிற வீட்டில் ராத்திரி சீக்கிரமே விளக்கு அணைந்துவிடும். ஒரு அம்மா நேரில் வந்தே கேட்டார்: “போனைத் தொடப்பிடாதுன்னு சொன்னதும் நீங்கதான், இப்ப பாக்கச் சொல்லுததும் நீங்கதானா டீச்சர்?” மனம் கேட்காமல் வகுப்பில் 20 நிமிடம் பாடத்தைத் திரும்ப நடத்தினேன். அதுதான் நான் செய்த பெரிய தவறு. டீச்சர் எப்படியும் சொல்லித் தருவார் என்று தெரிந்ததும், பார்த்துவிட்டு வந்த பிள்ளைகளும் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள்.

பிறகு திரும்ப நடத்துவதை அடியோடு நிறுத்தினேன். வீடியோவை 7 நிமிடத்துக்குள், ஒரே கருத்தோடு முடித்தேன். போன் இல்லாத பிள்ளைக்குப் பாடப்புத்தகத்தின் இரண்டு பக்கம் போதும் என்று வைத்தேன். வாசலில் நுழையும்போது அரைத்தாள் சீட்டு: விளங்கியது ஒன்று, விளங்காதது ஒன்று. தப்பாக எழுதினால் மார்க் குறையாது. சீட்டு இல்லாதவர்கள் ஜன்னலோரம் உட்கார்ந்து 10 நிமிடம் புத்தகம் வாசித்துவிட்டுக் குழுவில் சேரவேண்டும். திட்டு கிடையாது. ஓணம் விடுமுறை முடிந்து வந்தபோது வகுப்புக்கு நாலைந்து பேர்தான் ஜன்னலோரம் இருந்தார்கள்.

இதற்கு விலை உண்டு. முதல் ஆண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் பாதி வீடியோ எடுப்பதிலேயே போனது. இரண்டாம் ஆண்டு பழையதே உதவியது, ஆனால் சீட்டு வாசிக்கும் 15 நிமிடம் எந்த ஆண்டும் குறையாது. பழைய முறையில் நான் ஒருநாள் சோர்ந்தாலும் பாடம் ஓடிவிடும். இதில் இரண்டு நாள் சீட்டு வாங்காமல் விட்டால் அடுத்த வாரம் பாதிச் சீட்டு வராது. அந்த உழைப்புக்கு நேரமில்லாத ஆசிரியருக்கு, நல்ல கரும்பலகைப் பாடமே மேல் என்று மனதாரச் சொல்வேன்.

சூத்திரம் தருவிக்கும் பகுதிகளை இன்றும் பலகையில்தான் நடத்துகிறேன். நிலைமத் திருப்புத்திறனை (ஒரு பொருள் தன் சுழற்சி மாறுவதற்குக் காட்டும் எதிர்ப்பு) வீடியோவில் கொடுத்துப் பார்த்தேன், எல்லாச் சீட்டிலும் “ஒண்ணும் விளங்கல்ல” என்றே வந்தது. ஒன்பதாம் வகுப்புக்குக் கீழே இந்த முறையை நான் முயன்றதில்லை. பிளஸ் டூ பொதுத்தேர்வு மார்க்கை வைத்துத் தீர்ப்புச் சொல்லவும் என் இரண்டு வகுப்புகள் போதாது. நான் கண்ணால் கண்டது, கடைசி பெஞ்சிலிருந்து கேள்வி வரத் தொடங்கியது.

வருகிற ஜூனில் முதல் அலகு முழுவதும் பலகைதான். சீட்டு எழுதும் பழக்கத்தை மட்டும் அப்போதே தொடங்கிவிடுவேன். வீடியோ இரண்டாம் அலகிலிருந்து.