டிசிபி/ஐபி அடுக்குகள்: நெடுநாள் பயனரின் மனத்தாங்கல்

எங்கள் அலுவலகம் ஃபைபர் இணைப்புக்கு மாறிய பிறகு சில தளங்கள் மட்டும் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தன. அந்தக் கோளாறைச் சரிசெய்த கையோடு, இணையத்தில் தரவு போய்வரும் விதிகளான டிசிபி/ஐபியின் அடுக்கு அமைப்பு (ஒவ்வொரு வேலையையும் ஒவ்வோர் அடுக்கு பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு) நடைமுறையில் எப்படி உழைக்கிறது என்று நண்பர் கேட்டதால் இதை எழுதுகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிட வேண்டும். இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட் 1983 ஜனவரி 1 அன்று மாறிக்கொண்ட இந்த ஏற்பாட்டின் அடியில், எங்களிடம் தாமிரக் கம்பி போய் ஃபைபர் வந்தது, வைஃபையும் வந்தது. கணக்கு மென்பொருளில் ஒரு வரிகூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. கீழே ஓடுவது என்னவென்று மேலடுக்குக்குத் தெரிய வேண்டியதில்லை என்ற விதியின் பலன் இது.

எரிச்சலும் அதே விதியால்தான். கம்பி வலையமைப்பின் கீழடுக்கான ஈதர்நெட் ஒரு தடவைக்கு 1500 பைட் சுமக்கும். எங்கள் இணைப்பில் நிறுவனத்தின் வலைக்குள் நுழையப் பயன்படும் பிபிபிஓஇ அதில் 8 பைட்டைத் தன் தலைப்புக்கு (தரவின் முன்னால் ஒட்டும் குறிப்புக்கு) எடுத்துக்கொள்வதால் 1492தான் மிச்சம். மேலே இருக்கும், தரவைப் பாக்கெட் எனும் துண்டுகளாக அனுப்பவைக்கும் டிசிபிக்கு இது தெரியாது. கொள்ளாத பாக்கெட்டை வழியில் கைவிடும் ரௌட்டர், இவ்வளவுதான் கொள்ளும் என்று வலையமைப்பின் நிலைச் செய்திகளுக்கான ஐசிஎம்பி வழியாக அனுப்பியவருக்குத் தெரிவிக்க வேண்டும் என 1990இலேயே முறை வகுத்தார்கள். பாதுகாப்பு என்ற பேரில் பிங் (எதிர்முனை பதில் தருகிறதா என்று பார்க்கும் சோதனை) தவிர மற்ற ஐசிஎம்பி செய்திகளை அடைத்துவைக்கும் ஃபயர்வால்கள் அந்தச் செய்தியை விழுங்கிவிடுகின்றன. எனவே பிங் போகிறது, தளப் பெயரை முகவரியாக்கும் டிஎன்எஸ் பதில் தருகிறது, டிசிபி இணைப்பும் ஏற்படுகிறது. சர்வர் தன் அடையாளச் சான்றிதழை முழு அளவுப் பாக்கெட்டுகளில் அனுப்பத் தொடங்கும் இடத்தில் அவை சுவடின்றி மறைய, பிரவுசர் காத்துக் கிடக்கிறது. தனித்தனியே விசாரித்தால் ஒவ்வொரு அடுக்கும் தன்மேல் பிழையில்லை என்றே சொல்கிறது. இணைப்பு நிறுவனத்தின் உதவி எண்ணும் அதையேதான் சொன்னது. போதாக்குறைக்கு யூடியூப் தடையின்றி ஓடியது. அது டிசிபிக்குப் பதிலாகப் பயன்படுத்தும் குவிக் என்ற முறை, 1500 கிடைக்கும் என்று நம்பாமல் சிறிய பாக்கெட்டுகளோடு தொடங்குவதால், நெட் நன்றாகத்தானே இருக்கிறது என்ற பேச்சையும் கேட்க வேண்டியதாயிற்று.

துண்டாக்கக் கூடாது என்ற குறியோடு பிங் அனுப்பி, 1464 பைட் (28 பைட் தலைப்புகளோடு சேர்த்து 1492) போய் 1465 போகாததைப் பார்த்த பிறகே விஷயம் பிடிபட்டது. ரௌட்டரில் எம்எஸ்எஸ் கிளாம்பிங்கை (ஒரு பாக்கெட்டில் வரும் தரவின் அளவுக்கு வரம்பு வைக்கும் வசதியை) இயக்கினேன். ஐபி அடுக்கோடு நிற்க வேண்டிய ரௌட்டர், டிசிபி தலைப்புக்குள் புகுந்து, கணினி தான் ஏற்கும் தரவின் அளவாக அறிவித்த 1460ஐ 1452 என்று திருத்தி அனுப்புகிறது. பாடப்புத்தகத்தின்படி இது அப்பட்டமான அத்துமீறல். அதைச் செய்ததும் எல்லாத் தளங்களும் திறந்துகொண்டன.

மேலே எவ்வளவு புகழ்ந்திருந்தாலும், இன்றைய மனநிலையில் ஐந்துக்கு இரண்டுதான் தருவேன். அடுத்த கிளை அலுவலகத்திலும் இதையேதான் ஓட்டப் போகிறேன், கிளாம்பிங்கை முதல் நாளே இயக்கிவிட்டு.