கரையிலா, உள்ளேயா? வடமராட்சி கிழக்கின் கேள்வி

கடல் மட்டம் உயர்வதால், கரையிலேயே இருப்பதா, உள்ளே நிலப்பக்கம் நகர்வதா என்ற கேள்வியை இலங்கையின் யாழ் குடாநாட்டில் உள்ள மணற்காடு, உடுத்துறை போன்ற மீனவ ஊர்கள் தள்ளிப்போட முடியாது.

கரையிலேயே இருந்தால் படகும் வாடியும் (மீனவர்களின் கரைக் கொட்டில்) கண்ணெதிரே இருக்கும். கடலைத் தடுக்கக் கல் அணை கட்டலாம், ஆனால் அது பக்கத்து ஊரின் மணலை அரிக்கக்கூடும். கிணறு உவராவதையும் தடுக்காது. குடாநாட்டின் நன்னீர் நிலத்தடியில் உப்புநீரின் மேல்தான் மிதக்கிறது.

உள்ளே போனால் உயிருக்குப் பாதுகாப்பு. 2004 சுனாமியைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. சரி, தொழில்? 1990இல் போரால் இடம்பெயர்ந்த, குடாநாட்டின் வடகரை ஊரான மயிலிட்டியின் மீனவர்களுக்குத் தங்கள் துறைமுகம் 2017இல்தான் திரும்பக் கிடைத்தது. அதுவரை முகாம்களில் கூலி வேலைதான் பலருக்கு. காரணம் வேறு, கடலைப் பிரிந்த இழப்பு அதேதான்.

வீடு உள்ளே, வாடி கரையில் என்பதே என் தெரிவு. படகு இறக்கும் உரிமையை எழுத்தில் தராமல் ஒரு குடும்பத்தையும் நகர்த்தக்கூடாது.