பெட்டியா, மீன் விலையா, தீக்குச்சியா? மாறியை எதில் தொடங்குவது

ஆறாம் வகுப்பில்தான் பிள்ளைகள் எண்களுக்கு நடுவே ஓர் எழுத்தை முதல்முறையாகப் பார்க்கிறார்கள். அந்த எழுத்தைப் பற்றி முதல் வாரத்தில் மனதில் எது பதிகிறதோ, அது ஒன்பதாம் வகுப்பு வரை கூடவே வரும். கடலூர் முதுநகரில் வீட்டுத் திண்ணையில் மாலை வகுப்பு எடுக்கிறேன். மாறியை, அதாவது எண்ணுக்குப் பதிலாக நிற்கும் அந்த எழுத்தை, அறிமுகப்படுத்த மூன்று வழிகளை மாற்றி மாற்றிச் செய்து பார்த்திருக்கிறேன். மூன்றும் ஒரே இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்லை.

காலிப் பெட்டிதான் எல்லாருக்கும் பழக்கமானது. □ + 5 = 12. பெட்டியில் என்ன வரும்? ஏழு. இரண்டாம் வகுப்பிலேயே பார்த்த கணக்கு என்பதால் பயமே இருக்காது. பெட்டியை அழித்துவிட்டு எழுத்தைப் போட்டால் வேலை முடிந்தது. சமன்பாட்டுக்கு இது நல்ல வாசல். ஆனால் கோவைக்கு, அதாவது 2ப + 3 போலச் சமக்குறி இல்லாமல் நிற்பதற்கு, உதவாது. பெட்டியில் பழகிய பிள்ளை, ஒவ்வொரு எழுத்துக்குப் பின்னாலும் ஒரே ஒரு விடை ஒளிந்திருக்கிறது என்று நம்பிவிடும். 2ப + 3 என்று மட்டும் எழுதிக் காட்டினால், "மிஸ், சமக்குறி எங்கே? எவ்வளவுன்னு சொல்லலையே" என்று கேட்கும். கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்காது, 5ப என்று விடை எழுதிவிடும். ஏதாவது ஒன்றில் போய் முடிந்தால்தான் அது கணக்கு என்று பெட்டி பழக்கிவிட்டது.

மீன் விலைக்கு வருவோம். துறைமுகத்து ஊரில் விலை நாளுக்கு நாள் மாறும் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. வஞ்சிரம் என்ன விலைக்கு ஏறும் என்று அவர்களே சொல்வார்கள். மூன்று கிலோ வஞ்சிரம், வெட்டிச் சுத்தம் செய்ய 40 ரூபாய், மொத்தம் 3வ + 40. இதில் மாறாத 40 மாறிலி, மாறுகிற வ மாறி. இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது என்று நினைத்துத்தான் தொடங்கினேன்.

அங்கேதான் தவறினேன். நான் வ என்று எழுதியது விலைக்கு. கடைசி வரிசையில் இருந்த பையன் அதை வஞ்சிரம் என்று படித்துக்கொண்டான். "மூணு வஞ்சிரம், சரி. கூட நாப்பது எதுக்கு மிஸ்? நாப்பது வஞ்சிரமா?" என்றான். அவன் மேல் குற்றமே இல்லை. எழுத்து ஒரு பொருளின் பெயர்ச்சுருக்கம் என்று எடுத்துக்கொண்டால் 3வ என்பது மூன்று மீன்தான்.

இது சின்னப் பிள்ளைகளோடு போகிற குழப்பம் இல்லை. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஜான் கிளெமென்ட்டும் உடன் ஆய்வு செய்தவர்களும் பொறியியல் முதலாண்டு மாணவர்களிடம் ஒரு கேள்வி கொடுத்தார்கள்: பேராசிரியர்களைப் போல ஆறு மடங்கு மாணவர்கள் இருக்கிறார்கள், இதைச் சமன்பாடாக எழுதுக. மூன்றில் ஒருவருக்கு மேல் தவறாக எழுதினார்கள். பெரும்பாலான தவறு ஒரே மாதிரி: ஆறை மாணவர் பக்கம் வைத்துவிட்டார்கள்.

இதையே எங்கள் திண்ணைக்கு மாற்றிக் கேட்டேன். ஒரு படகுக்கு ஆறு ஆட்கள். படகுகள் ப, ஆட்கள் ஆ. பாதிப் பேர் 6ஆ = ப என்று எழுதினார்கள். "ஆறு ஆளு, ஒரு படகு" என்று வாயால் சொல்வது அப்படியே கைக்கு வந்துவிடுகிறது. "சரி, படகு ரெண்டுன்னு வையுங்க, ஆள் எத்தனை?" என்றதும் பன்னிரண்டு என்று உடனே சொன்னார்கள். அந்த இரண்டையும் பன்னிரண்டையும் அவர்கள் எழுதியதிலேயே போட்டுப் பார்க்கச் சொன்னேன். ஆறு பன்னிரண்டு எழுபத்திரண்டு. அது இரண்டுக்குச் சமமா? ஒரு பெண் தானாகவே அழித்துவிட்டு ஆ = 6ப என்று எழுதினாள். எழுத்து ஆளும் இல்லை, படகும் இல்லை. ஆட்களின் எண்ணிக்கை, படகுகளின் எண்ணிக்கை. அதை எண் போட்டுப் பார்த்தபோதுதான் பிடித்துக்கொண்டார்கள், நான் விளக்கியபோது இல்லை.

அதனால் மீன் விலையை நான் விட்டுவிடவில்லை. இரண்டே மாற்றம். பொருளின் முதல் எழுத்தை எடுப்பதில்லை. கோவைக்கு மேலே ஒரு வரி கட்டாயம்: "த = ஒரு கிலோவின் விலை, ரூபாயில்." நம் நாட்டுப் பழைய கணிதத்திலும் அறியாத எண்களுக்குப் பெரும்பாலும் பொருளின் பெயரை வைக்கவில்லை. 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் பாஸ்கரர் முதல் எண்ணுக்கு 'யாவத்தாவத்' என்றும், அடுத்தடுத்தவற்றுக்குக் காலகம் (கறுப்பு), நீலகம் (நீலம்) என்று நிறங்களின் பெயரும் வைத்து, யா, கா, நீ எனச் சுருக்கி எழுதினார். கறுப்புக்கும் மீனுக்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் இல்லாததுதான் அதன் நன்மை.

எழுத்தே எண்ணாக நிற்பதும் தமிழருக்குப் புதிதல்ல. க ஒன்று, உ இரண்டு, அ எட்டு. ஆனால் அங்கே அ என்றைக்கும் எட்டுதான். மாறி அப்படி இல்லை என்பதை இந்த இடத்தில் சொன்னால் சட்டென்று புரிகிறது.

மூன்றாவது, தீக்குச்சி. மத்தியப் பாடத்திட்டத்தின் பழைய ஆறாம் வகுப்புப் புத்தகத்தில் இயற்கணிதம் இதில்தான் தொடங்கும். ஒட்டிய சதுரங்களை வரிசையாக அடுக்கினால் 4, 7, 10 குச்சிகள். ந சதுரத்துக்கு எத்தனை? முதல் பதில் எப்போதும் ந + 3 என்றுதான் வரும். மும்மூன்றாக ஏறுவது கண்ணில் படுவதால். பத்துச் சதுரத்துக்குப் பதின்மூன்று குச்சி போதுமா என்று அடுக்கச் சொன்னால் அவர்களே விட்டுவிடுவார்கள். அப்புறம் நடப்பதற்காகவே எனக்கு இந்த வழி பிடிக்கும். ஒருவர் முதலில் ஒரு குச்சி, பிறகு மும்மூன்று என்று பார்த்து 3ந + 1 என்பார். இன்னொருவர் முழுச் சதுரத்தில் தொடங்கி 4 + 3(ந − 1) என்பார். வேறொருவர் எல்லாச் சதுரத்துக்கும் நான்கு கொடுத்துவிட்டு, பொதுச்சுவரைக் கழித்து 4ந − (ந − 1) என்பார். யார் சரி என்று சண்டை வரும். ந = 10 போட்டால் மூவருக்கும் 31. வெவ்வேறாக எழுதிய கோவைகள் ஒன்றாக இருக்க முடியும் என்று அவர்கள் கண்டது அந்தச் சண்டையில்தான். குறை ஒன்றுதான்: அரைச் சதுரமும் இல்லை, மைனஸ் சதுரமும் இல்லை. விலையில் 812.50 வரலாம்.

ஆகவே என் வரிசை இது: முதலில் தீக்குச்சி, அடுத்து விலை, சமன்பாடு வந்த பிறகே பெட்டி.

இனி, எழுத்துக்கு எண்ணைப் போட்டுக் கோவையின் மதிப்புக் காண்பது. இதில் போட்டி இரண்டு பழக்கங்களுக்கு நடுவேதான். எழுத்தை அழித்து எண்ணை எழுதுவது ஒன்று, அடைப்புக்குறிக்குள் எண்ணைப் போடுவது இன்னொன்று. இதில் யோசிக்கவே வேண்டாம், அடைப்புக்குறிதான். 3த + 40இல் த = 800 என்றால், நேராக எழுதுகிற பிள்ளை 3800 + 40 என்று எழுதி 3840 ரூபாய் சொல்லும். 3(800) + 40 என்று எழுதினால் 2440 வரும். மைனஸ் வந்தாலோ இன்னும் மோசம்: த = −3 என்றால் த² என்பது (−3)², அதாவது 9. அடைப்பை விட்டு −3² என்று எழுதினால் −9 ஆகிவிடும். அதனால் எங்கள் திண்ணையில் எழுத்தை அழிக்கும்போதே அங்கே வெறும் ( ) போட்டுவிட வேண்டும். எண் அதற்குப் பிறகுதான் உள்ளே போகும்.